பிள்ளையின் பருவமும் பள்ளியின் பாடமும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

     

நம் மஹல்லாவில் மழலையர் பள்ளி ஒன்றைத் தொடங்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு, இவ்வாண்டு கல்விக் குழுவினராகிய எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. எங்கே கட்டுவது, எவ்வளவு செலவாகும், ஆங்கில வழியா தமிழ் வழியா என்ற கேள்விகள் முதல் அமர்விலேயே எழுந்தன. எப்படிப்பட்ட பள்ளி, பிள்ளை அங்கே பகல் முழுவதும் என்ன செய்யும் என்ற கேள்வி மூன்றாவது அமர்வில்தான் எழுந்தது. அந்தக் கேள்வியை எழுப்பியவரும் ஒரு தாய்தான். இன்றைய உரையில் அந்த ஒரு கேள்வியை மட்டும் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இன்று நம் ஊரில் நடப்பதை நாம் எல்லோரும் அறிவோம். மூன்று வயது நிரம்பாத பிள்ளை காலை எட்டு மணிக்கு வேனில் ஏற்றப்படுகிறது. தூக்கம் கலையாத முகத்தோடு போகிறது. மாலையில் வீட்டுப்பாட நோட்டோடு திரும்புகிறது. மணிக்கட்டின் சிறு எலும்புகள் இன்னும் முழுமையாக இறுகியிராத அந்த வயதில், கோடு தாண்டாமல் நான்கு பக்கம் எழுத வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அத்தாவுக்கு, பிள்ளை ஆங்கில எழுத்துகளை ஒப்பிக்கும் காட்சி கைப்பேசியில் அனுப்பப்படுகிறது. அவர் அங்கே மகிழ்கிறார். அந்த மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் அனுப்பும் பணத்தின் பெரும்பங்கு இந்தக் கல்விக்கே செலவாகிறது. ஆனால் இதே பிள்ளைகளில் பலர் எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் படிப்பின் மீது வெறுப்புக் கொண்டு நிற்பதையும் நாமே காண்கிறோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்வது நம் கடமை அல்லவா?

தொடர்பு உண்டு என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொன்னவர்களில் முதன்மையானவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இந்தப் பெயர் நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு மழலையர் பள்ளிப் பெயர்ப்பலகைகளில் காண்கிறோம். ஆனால் அந்த அம்மையார் நம் தமிழ் மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, தம் கல்விக் கொள்கையின் ஒரு பெரும்பகுதியை இங்கேயே உருவாக்கினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர். 1896-இல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த காலம் அது. மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடையே முதலில் பணியாற்றினார். பின்னர் 1907 ஜனவரி 6-ஆம் நாள், ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவில் ஒரு சிறுவர் இல்லம் திறந்தார். இதன் பின்னணி சற்று வேடிக்கையானது. தாயும் தந்தையும் வேலைக்குப் போன பின் பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடிச் சுவர்களைப் பாழாக்கினார்கள். கட்டடத்தின் உரிமையாளர்கள் சுவரைக் காப்பாற்றுவதற்காகவே அந்தப் பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். கல்வியில் ஒரு பெரிய மாற்றம் சுண்ணாம்புச் சுவர் மீதிருந்த அக்கறையால் பிறந்தது!

அந்த அறையில் அம்மையார் பாடம் நடத்தவில்லை, உற்று நோக்கினார். மரக்கட்டையில் உள்ள குழிகளில் வெவ்வேறு பருமனுள்ள உருளைகளைப் பொருத்தும் ஒரு சிறுமி, சுற்றிலும் மற்றப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தபோதும் கவனம் கலையாமல், நாற்பது தடவைக்கும் மேலாக அதையே திரும்பத் திரும்பச் செய்தாள். முடித்ததும் களைத்துப் போகவில்லை; நன்றாக உறங்கி எழுந்தவளைப் போல் மலர்ச்சியோடு நிமிர்ந்தாள். பரிசாகக் கொடுத்த மிட்டாயைவிட வேலையைப் பிள்ளைகள் விரும்பினார்கள். சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் பழகிய நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள், எழுதச் சொல்லி யாரும் கட்டளையிடாமலே, ஒருநாள் தாமாகச் சுண்ணக்கட்டியை எடுத்து எழுதத் தொடங்கினார்கள். எழுத்து அவர்களிடமிருந்து வெடித்துக் கிளம்பியதாகவே அம்மையார் பிற்காலத்தில் கூறினார்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். விரலால் எழுத்தைத் தடவிப் பழகுவது நமக்கு அந்நியமானதன்று. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதியே கற்றார்கள். அதுவும் வெளிநாடு சென்ற வரலாறு உண்டு. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை 1789-ஆம் ஆண்டு முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு, அவற்றைத் தம் இல்லத்தில் புகுத்தினார். 1797-இல் அதை ஒரு நூலாகவும் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. நாமோ மணலைப் பெருக்கித் தள்ளிவிட்டு இரட்டைக்கோடு நோட்டை வாங்கினோம்.

நம் மக்தபையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்திருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் சபக்கை உஸ்தாதிடம் தனியாக ஓதிக் காட்டும். ஒப்பித்தால் அடுத்த பாடம், இல்லையேல் அதே பாடம். ‘வகுப்பில் எல்லோரும் இன்று பத்தாம் பக்கம்’ என்ற பேச்சே அங்கே இல்லை. முன்னால் போன பிள்ளை பின்னால் வருகிற பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிக் கொடுக்கும். மாண்டிசோரி பள்ளியில் மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து, ஒவ்வொன்றையும் அதனதன் வேகத்தில் போகவிடுவதை மேலைநாட்டார் புதுமை என்று வியக்கிறார்கள். நம்மிடம் அது பழமை. அங்கே இல்லாமல் நம்மிடம் இருந்தது பிரம்பு ஒன்றுதான். அதைப் பற்றியும் இப்னு கல்தூன் 1377-இல் எழுதி முடித்த ‘முகத்திமா’விலேயே தனியாக ஒரு பகுதி உண்டு. மாணவர்களிடம், குறிப்பாகச் சிறு பிள்ளைகளிடம், கடுமை காட்டுவது அவர்களைச் சோம்பலுக்கும் பொய்க்கும் பழக்கிவிடும் என்பது அவர் கருத்து. பாடத்தைச் சிறிது சிறிதாக, பிள்ளையின் ஏற்கும் திறனுக்குத் தக்கவாறு கொடுக்க வேண்டும் என்பதையும் அவர் விரிவாகவே பேசுகிறார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரம்பைத் தடை செய்வதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது அது.

இனி, அம்மையாரின் கொள்கைக்கு வருவோம். பிள்ளை என்பது சிறிய அளவிலான பெரியவர் அன்று. அதன் வளர்ச்சி ஒரே சீராக ஏறிச்செல்லும் கோடும் அன்று. ஆறு ஆறு ஆண்டுகளாக நான்கு பருவங்கள் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் பிள்ளையின் உடலும் மனமும் தேவையும் வேறு. எனவே பள்ளியும் வேறாக இருக்க வேண்டும். சுருங்கச் சொன்னால் அவ்வளவுதான்.

பிறந்தது முதல் ஆறு வயது வரை முதற்பருவம். இப்பருவத்துப் பிள்ளை நம்மைப் போல் முயன்று கற்பதில்லை; சூழலை அப்படியே உறிஞ்சிக் கொள்கிறது. தாய்மொழியை எந்தப் பிள்ளைக்கும் இலக்கணம் சொல்லி யாரும் கற்பித்ததில்லை. இந்த வயதில் ஒழுங்கின் மீதும், அசைவின் மீதும், மிகச் சிறிய பொருள்களின் மீதும் பிள்ளைக்கு இயல்பான ஆவல் பொங்குகிறது. ஆகவே அங்கே பாடநூல் இல்லை, பொருள்கள் உண்டு. ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரையுள்ள பத்துக் கனசதுரக் கட்டைகளைப் பிள்ளை கோபுரமாக அடுக்குகிறது. வரிசை பிசகினால் பார்வைக்கே தெரிகிறது. ‘தப்பு’ என்று ஆசிரியை சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணியின் சதுரம், ஆயிரம் மணியின் கனம் என்று கையில் தூக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு, ஆயிரம் என்பது ஒரு சொல்லாக மட்டும் இராது. எடையுள்ள ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு பொருளும் அறையில் ஒன்றே ஒன்றுதான் வைக்கப்படும். இன்னொரு பிள்ளை முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். பொறுமை என்ற பாடத்தை வாயால் சொல்லாமல் நடத்தும் வழி இது.

இவற்றுக்கும் முன்னதாக அன்றாட வேலைகள் உண்டு. தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுதல், பொத்தான் போடுதல், பாயைச் சுருட்டி அதன் இடத்தில் வைத்தல், கூட்டுதல், துடைத்தல். ‘பணம் கட்டி அனுப்பினால் என் பிள்ளையைக் கூட்டச் சொல்கிறார்களே’ என்று கோபப்படும் பெற்றோரும் உண்டு. ஆனால் ஒளூ செய்யப் பழகும் பிள்ளையைக் கவனியுங்கள். கை, வாய், மூக்கு, முகம் என்ற வரிசையை அது எவ்வளவு ஆசையோடு பின்பற்றுகிறது! நாம் அவசரத்தில் ஒன்றை முன்பின்னாகச் செய்துவிட்டால் அதுதான் நம்மைத் திருத்துகிறது. அந்த வயதின் ஒழுங்குணர்வு அது. மௌனப் பயிற்சி என்ற ஒன்றும் அங்கே உண்டு. பிள்ளைகள் அசையாமல் அமர்ந்திருக்க, ஆசிரியை அறையின் கோடியிலிருந்து ஒவ்வொரு பெயரையும் மிக மெல்லிய குரலில் அழைப்பார். தன் பெயர் கேட்ட பிள்ளை ஓசையின்றி எழுந்து செல்லும். ஜும்ஆவில் கடைசி வரிசைப் பிள்ளைகளை அதட்டி, அந்த அதட்டலாலேயே அதிகச் சத்தம் எழுப்பும் நம் பெரியவர்கள் இதை ஒருமுறை பார்த்தால் நல்லது.

ஆறு முதல் பன்னிரண்டு வரையுள்ள இரண்டாம் பருவத்தைப் பற்றிப் பேசும்போது நாம் கொடைக்கானலுக்குப் போக வேண்டும்.

1939 நவம்பரில், அறுபத்தொன்பது வயதில், அம்மையார் தம் மகன் மாரியோவுடன் சென்னை வந்து சேர்ந்தார். அடையாற்றில் இருந்த பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவருடைய துணைவியார் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தனர். பனையோலைக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் 300-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதங்களில் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பகை நாட்டுக் குடிமக்கள் ஆகிவிட்டனர். மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்த நாளன்று, பிறந்தநாள் பரிசாக மகனை விடுவிக்குமாறு வைஸ்ராய் ஆணையிட்டார்.

1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினார்கள். அங்கே பல வயதுப் பிள்ளைகளைக் கொண்ட ஒரு சிறு பள்ளி நடந்தது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னே அம்மையார் அதில் துணைநின்றார். சோலைகளும் சுனைகளும் சூழ்ந்த அந்த மலையில், ஆறு வயதைக் கடந்த பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதற்கு அவர்கள் கண்ட விடைதான் ‘பிரபஞ்சக் கல்வி’. இந்த வயதில் பிள்ளை ‘இது என்ன’ என்று கேட்பதை விட்டு ‘இது ஏன்’ என்று கேட்கத் தொடங்குகிறது. நீதி அநீதியைப் பற்றி வழக்காடுகிறது, கூட்டம் சேர்கிறது, கற்பனை சிறகடிக்கிறது. அந்தக் கற்பனைக்கு முதலில் முழுப் பிரபஞ்சத்தையும் கொடுங்கள் என்றார் அம்மையார். பூமி தோன்றிய கதை, உயிர்கள் வந்த கதை, மனிதன் வந்த கதை, எழுத்தின் கதை, எண்ணின் கதை என ஐந்து பெருங்கதைகளிலிருந்து புவியியலும் வரலாறும் கணிதமும் கிளை பிரியும். தனித்தனி நூல்களாகத் துண்டிக்கப்பட்ட அறிவு பிள்ளைக்கு ஒட்டுவதில்லை என்பது அவர் முடிவு.

இந்த முறைக்கு அன்னவாசலைவிடப் பொருத்தமான ஊர் எது என்று நாங்கள் வியந்ததுண்டு. பூமியின் கதைக்குப் பாறை வேண்டுமா? சுற்றிலும் பாறைதான். மனிதனின் கதைக்கு, இரும்புக்கால மக்கள் தம் இறந்தோரை அடக்கம் செய்த கல்வட்டங்கள் சித்தன்னவாசல் பக்கம் இன்றும் உண்டு. எழுத்தின் கதைக்கு ஏழடிப்பட்டம்! அந்தக் குகையில் வழவழப்பாக்கப்பட்ட 17 கற்படுக்கைகளும், அவற்றில் ஒன்றில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள தமிழ்ப் பிராமி எழுத்தும் உள்ளன. நம் பிள்ளை எழுதும் ‘அ’வுக்கு மூதாதை எது என்பதை அங்கே நேரில் காட்டலாம். கீழே அறிவர் கோயிலில் தாமரைக் குளமும் மீனும் யானையும் அன்னமும் தீட்டப்பட்ட ஓவியம். சற்றுத் தள்ளிக் குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு. உலகெங்கிலுமிருந்து வந்து பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளோ பெருநாள் மறுநாள் அங்கே போய்ப் படகு விட்டுவிட்டு, ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு வருகிறார்கள். ஒருநாள் பாடம் நடத்தத் தகுந்த இடம் என்று எந்தப் பள்ளியும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அம்மையார் 1944-இல் இலங்கை சென்று பயிற்சி அளித்தார். 1946-இல் ஐரோப்பா திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் வந்து, 1949-இல் இறுதியாக விடைபெற்றார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் இத்துணைக்கண்டத்தில் பயின்றார்கள். 1952-இல் ஹாலந்தில் மறைந்தார்.

நம் சமுதாயத்துக்கு இத்தகைய சிந்தனை வெளியிலிருந்து வந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். டில்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவை 1926 முதல் 1948 வரை துணைவேந்தராகக் காத்து வளர்த்த டாக்டர் ஜாகிர் உசேன், பின்னாளில் குடியரசுத் தலைவராகிய அந்தப் பெருமகன், 1937-இல் காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவின் தலைவர். கை வேலை வழியாக அறிவு என்பது அத்திட்டத்தின் அடிப்படை. பல்கலைக்கழகத் தலைவராக இருந்துகொண்டே அவர் குழந்தைகளுக்குக் கதை எழுதினார். பெர்லினில் அவருக்கு அறிமுகமான கெர்டா பிலிப்ஸ்பார்ன் என்ற ஜெர்மானிய யூதப் பெண்மணி 1933-இல் ஜாமிஆவுக்கு வந்து, சின்னஞ்சிறு பிள்ளைகளின் பள்ளியில் தம் வாழ்வைச் செலவிட்டார். பிள்ளைகள் அவரை ‘ஆப்பா ஜான்’ என்று அழைத்தார்கள். 1943-இல் மறைந்த அவர் ஜாமிஆ அடக்கத்தலத்திலேயே அடக்கப்பட்டிருக்கிறார்.

தமிழக அரசும் இந்த வழியில் சற்று தூரம் நடந்தது. ஆந்திர மாநிலம் ரிஷிவேலிப் பள்ளியில் கண்ட முறையைப் பின்பற்றி 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னின்றவர் எம்.பி. விஜயகுமார் என்ற ஆட்சிப்பணி அலுவலர். 2007-08 கல்வியாண்டில் மாநிலத்தின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பாடநூல் போய் அட்டைகள் வந்தன. பிள்ளை எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. கற்றல் ஏணியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நின்றது. நம்மில் அன்று பிள்ளைகளைத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பியவர்களுக்கு ஆரோக்கியச் சக்கரம் நினைவிருக்கும். ஆனால் போதிய ஆசிரியர் இல்லாத இடங்களில் அட்டைகள் கிழிந்து, முறை பெயரளவில் நின்றது. ‘நோட்டில் ஒன்றும் இல்லையே’ என்று பெற்றோர் தனியார் பள்ளிக்கு ஓடினார்கள். 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. இதற்கிடையே 2019 ஜனவரியில் மாநிலம் முழுவதும் 2,381 அங்கன்வாடி மையங்களில் மாண்டிசோரி முறையை அடியொற்றி எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஆக, இந்தக் கல்வி பணக்காரர்களுக்கு மட்டும் உரியது என்பது சரியன்று. அது பிறந்ததும் ஏழைத் தெருவில்தான்.

மூன்றாம் பருவம், பன்னிரண்டு முதல் பதினெட்டு. எங்களைக் கேட்டால் நம் ஜமாஅத்தின் உண்மையான கவலை இங்கேதான் இருக்கிறது. மழலையர் பள்ளி கேட்டவர்கள் எங்களை மன்னிக்க வேண்டும். இந்த வயதில் உடல் வேகமாக மாறுகிறது. மனம் எளிதில் புண்படுகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் நாம் பொதுத்தேர்வு என்ற பாரத்தைத் தூக்கி வைக்கிறோம். அம்மையார் கூறியது வேறு. வளரிளம் பிள்ளைக்குத் தன் உழைப்பால் ஒன்றை ஆக்கி, விற்று, கணக்கு எழுதி, ‘நானும் இந்தச் சமூகத்தில் ஓர் ஆள்’ என்று உணரும் வாய்ப்பு வேண்டும். நிலத்தில் உழைப்பதும், ஒரு சிறு கடையைத் தாங்களே நடத்துவதும் அவர் கண்ட பள்ளியின் பாடங்கள். நம் பையன்கள் பதினெட்டு ஆனதும் கடல் கடந்து போய், முதல் சம்பளம் அனுப்பும் நாளில்தான் அந்த மதிப்பை உணர்கிறார்கள். பெண் பிள்ளைகளில் பலர் அதை உணராமலே வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது நடந்த அறிவொளி இயக்கத்தில், எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தவர்கள் கல்வியின் பொருளை அறிந்தவர்கள். நம் வீட்டு மூத்த பெண்களிலும் அன்று ஓட்டியவர்கள் இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

எதிர்க் கருத்துகளையும் மறைக்கவில்லை. பருவத்தை அடிப்படையாகக் கொண்ட கல்வியாளர்கள் எல்லோரும் ஒரே கருத்தினர் அல்லர். 1919-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக வால்டார்ஃப் பள்ளியைத் தொடங்கிய ருடால்ஃப் ஸ்டைனர், ஏழு ஏழு ஆண்டுகளாகப் பருவம் பிரித்தார். ஏழு வயது வரை எழுத்தே வேண்டாம், கதையும் விளையாட்டும் போதும் என்றார். மாண்டிசோரியோ நான்கு வயதில் எழுத்தைக் கையில் கொடுக்கிறார். கற்பனைக் கதைகளைச் சின்ன வயதில் அவ்வளவாக விரும்புவதில்லை. நன்னிமார் சொல்லும் கதையில் வளர்ந்த நமக்கு இந்த இடத்தில் ஸ்டைனர் பக்கமே மனம் சாய்கிறது. பலன் உண்டா என்று கேட்போருக்கு ஒரு செய்தி: அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குலுக்கல் முறையில் மாண்டிசோரி அரசுப் பள்ளியில் இடம் பெற்ற பிள்ளைகளையும், இடம் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. ஐந்து வயதினரில் மாண்டிசோரிப் பிள்ளைகள் எழுத்தறிவிலும் கணக்கிலும் முந்தியிருந்தார்கள். பன்னிரண்டு வயதினர் எழுதிய கதைகள் கூடுதல் கற்பனை உடையவையாக இருந்தன. ஒரே நகரத்தில், ஒரே பள்ளியில் நடந்த ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

பெயர்ப்பலகையைக் கண்டு ஏமாறவும் வேண்டாம். ‘மாண்டிசோரி’ என்ற பெயர் யாருக்கும் தனி உரிமையன்று. யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். உள்ளே போய்ப் பாருங்கள். பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கிறார்களா? இரண்டு மூன்று மணி நேரம் மணியடித்துக் கலைக்காமல் வேலை செய்ய விடுகிறார்களா? பொருள்கள் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, அல்லது கண்ணாடி அலமாரியில் பூட்டி இருக்கின்றனவா? ஆசிரியை எங்கே நிற்கிறார்? மூன்று வயதுப் பிள்ளைக்கு நோட்டும் தேர்வும் இருந்தால் வெளியே பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஒன்றுதான்.

குழுவின் பரிந்துரை இதுதான். புதுக் கட்டடம் இப்போது வேண்டாம். மதரஸாவின் கீழ் அறை காலை ஒன்பது முதல் பகல் வரை சும்மாவே இருக்கிறது. முதல் ஆண்டில் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள இருபது பிள்ளைகளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். பேச்சு தமிழில் நடக்கட்டும். ஆங்கிலத்தைப் பாட்டாகவும் பேச்சாகவும் காதில் விழச் செய்யலாம். மரப் பொருள்களை நம் ஊர்த் தச்சர்களே செய்துவிடுவார்கள். ஆனால் அளவு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கோபுரம் கோபுரமாக இராது என்பதால், மாதிரி ஒன்றை வாங்கிவந்து கொடுத்த பிறகே செய்யச் சொல்ல வேண்டும். உரிய அரசு அங்கீகாரத்துக்கான விண்ணப்பத்தை நிர்வாகம் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். வளரிளம் பிள்ளைகளுக்கு, விடுமுறை நாள்களில் குடுமியான்மலை அண்ணா பண்ணையைப் பார்வையிடச் செய்வதும், பள்ளிவாசல் தோட்டத்தின் ஒரு பகுதியை அவர்கள் பொறுப்பில் விட்டு, வரவு செலவை அவர்களையே எழுதச் செய்வதும் தனித் திட்டமாக வருகிறது. குழுவில் இருவர், ஆங்கில வழி மெட்ரிக் பள்ளியே தேவை என்ற தம் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதுவும் உங்கள் முன் வைக்கப்படும்.

செலவில் பெரும்பகுதி பொருளுக்கன்று, ஆசிரியைக்கு. முறையான பயிற்சி ஏறத்தாழ ஓராண்டு காலம் எடுக்கும். சென்னையில் பயிற்சி நிலையங்கள் உள்ளன. வெளியூரிலிருந்து ஆசிரியையை அழைத்து வருவதைவிட, நம் மஹல்லாவில் பட்டம் பெற்று வீட்டில் இருக்கும் பெண்கள் இருவரை ஜமாஅத் செலவில் அனுப்பிப் பயிற்றுவிப்பதே நல்லது என்பது எங்கள் துணிபு. விருப்பமுள்ள சகோதரிகள் தம் பெயரையும் படிப்பு விவரத்தையும் எழுதி, ஷஅபான் மாத இறுதிக்குள் பள்ளிவாசல் அலுவலகத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.